சினிமாவை நிறுத்திப் பார்த்து ஃபோட்டோ கற்பது: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் கொளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு சினிமாவின் நிறத்தை ஆல்பத்தில் அப்படியே கொண்டுவர ஆசைப்பட்டு, இணையத்தில் வாங்கிய ஒரு பிரீசெட்டை (ஒரே தட்டில் நிறத்தை மாற்றும் ரெடிமேட் எடிட்டிங் அமைப்பு) எல்லாப் படங்களுக்கும் போட்டுவிட்டேன். நிழலெல்லாம் பச்சை கலந்த நீலம், முகமெல்லாம் ஆரஞ்சு. பெண்ணின் அம்மா லேப்டாப் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "அரக்குப் புடவைன்னு காஞ்சிபுரம் வரைக்கும் போய் எடுத்தோம் தம்பி. இதுல காப்பிப்பொடி கலர்ல இருக்கே" என்றார்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து நிறத்தை எல்லாம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, என் படங்களில் அந்த சினிமாவின் வாசனையே இல்லை. வீடியோ லைட் நேராக முகத்தில் அடித்து, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் தட்டையாகக் கிடந்தன. திரும்ப அந்த சினிமாவைப் போட்டுப் பார்த்தேன். என்னை இழுத்தது அதன் நிறமே இல்லை. ஒரு ஜன்னல், அதிலிருந்து ஒரு பக்கமாக விழும் வெளிச்சம், மறுபக்கம் தைரியமாக விட்ட இருட்டு. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் பழகிவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். 'பார்க்க வேண்டிய 50 படங்கள்' மாதிரிப் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது, அதில் எதைக் குறித்துக்கொள்வது, குறித்ததை வைத்துச் சென்னையில் எங்கே, எத்தனை மணிக்குப் போய் நிற்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கையில் இருப்பது செல்போன் கேமராவாக இருந்தாலும் இது பொருந்தும்.

முதல் படம் எது?

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பிரம்மாண்டமான படங்களில் தொடங்கினால் வியந்துவிட்டு எழுந்துவிடுவோம், கற்றுக்கொள்ள மாட்டோம். 'வீடு' நம் ஊரில் நடக்கிற கதை. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறாள். அதில் வருகிற அறைகள் நம் வீட்டு அறைகளைப் போலவே இருக்கின்றன. அதே கம்பி ஜன்னல், அதே சுண்ணாம்புச் சுவர். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததும் புரிந்துவிடும். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த மனிதர் அவர். 'மூன்றாம் பிறை'க்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கியவர். அத்தனை பெயர் வாங்கியவர் இந்த எளிமையைத் தேர்ந்தெடுத்தார் என்பதே எனக்குப் பாடம்.

அதற்கப்புறம் ஒரு பாடத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்கு 'நாயகன்' (1987), எதிர்வெளிச்சத்துக்கு 'தளபதி' (1991), ஒரே ஃபிரேமுக்குள் பல ஆட்களை நிறுத்துவதற்கு 'இருவர்' (1997), உச்சி வெயிலுக்கு 'கூழாங்கல்' (2021). மாதத்துக்கு ஒன்று போதும். வாரத்துக்கு நாலு படம் பார்த்தால் எதுவும் ஒட்டாது.

பிரிண்ட் விஷயத்தில் கவனம் தேவை. பழைய படங்களை டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். ஒளிப்பதிவாளர் ஓரத்தில் வைத்த தூணும் கதவும் அதில் இருக்காது. முழு அகலமும் உள்ள பிரிண்டாகத் தேடுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பகலில், ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடுகிற ஹாலில் 'நாயகன்' பார்த்தால் பாதிப் படம் கருப்பாகத்தான் தெரியும்.

மூன்று தடவை பார்ப்பது

முதல் தடவை ரசிகராக. நோட்டு வேண்டாம். கதையில் அழ வேண்டிய இடத்தில் அழுங்கள்.

இரண்டாம் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு. இளையராஜாவோ ரஹ்மானோ நம் மனதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் கண் தனியாக வேலை செய்யாது. சத்தம் போனதும் காட்சி எங்கே இருட்டுகிறது, எங்கே கேமரா நகராமல் நிற்கிறது என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். உங்களை அறியாமல் நிமிர்ந்து உட்காருகிற இடங்களின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தடவை அந்த இடங்களுக்கு மட்டும் போய் நிறுத்துங்கள். 12 ஃபிரேம் போதும். பல ஓடிடி ஆப்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாகத்தான் வரும். பரவாயில்லை, நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சதுரம் அறை, ஒரு வட்டம் ஆள், ஒரு முக்கோணம் கேமரா, ஓர் அம்பு வெளிச்சம்.

அந்த அம்பை எந்தப் பக்கம் போடுவது என்பதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மூக்கின் நிழலைப் பாருங்கள். அது நமக்கு வலப்பக்கம் கீழ்நோக்கி விழுந்தால் வெளிச்சம் இடப்பக்கம் மேலே இருக்கிறது. நேர் கீழே உதட்டின் மேல் விழுந்தால் தலைக்கு மேலே, சற்று முன்னால் இருக்கிறது. மூக்குக்கு நிழலே இல்லையென்றால் கேமரா பக்கத்திலிருந்தே வருகிறது, அல்லது எல்லாப் பக்கமும் பரவி வருகிறது. அடுத்தது கண். கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு தெரியும். சதுரமாக இருந்தால் ஜன்னலோ, பெரிய வெள்ளைத் துணியோ. ஊசிமுனை மாதிரி இருந்தால் சின்ன விளக்கு. கண்ணில் பொட்டே இல்லையென்றால் அந்த ஆளை நாம் முழுதாக நம்ப வேண்டாம் என்று ஒளிப்பதிவாளர் நினைத்திருக்கலாம். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேல் வைத்துக் கண்களைக் குழிக்குள் மறைத்தது அப்படித்தான். மூன்றாவது, நிழலின் ஓரம். கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் வெயிலோ மூடாத பல்போ. கரைந்து கரைந்து போனால் பெரிய, மெத்தென்ற வெளிச்சம்.

கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'காக்கா முட்டை'யில் இயக்குநர் மணிகண்டனே ஒளிப்பதிவாளரும் கூட. அந்தப் பையன்களை மேலிருந்து குனிந்து பார்க்காமல் அவர்கள் கண்மட்டத்தில் நின்று எடுத்தால் ஊர் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் உணர்ந்தேன். அதிலிருந்து குழந்தைகளை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

வீட்டு ஜன்னல்

வெளியே ஓடுவதற்கு முன் ஒரு மாதம் வீட்டிலேயே இருங்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவுவார். நான் எடுத்த நல்ல படங்களில் பாதி அந்த ஒரு இடத்தில் எடுத்தவை.

செய்ய வேண்டியது இது. டியூப்லைட்டை அணையுங்கள். நம் வீடுகளில் பகலிலும் அது எரிந்துகொண்டிருக்கும். மேலிருந்து வரும் அந்த வெள்ளை வெளிச்சம் ஜன்னலின் வேலையைக் கெடுத்துவிடும். மற்ற ஜன்னல்களை மூடுங்கள். ஆளை ஜன்னலிலிருந்து 2 அல்லது 3 அடிக்குள் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். தள்ளிப்போகப் போக வெளிச்சம் குறைவதோடு, முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள வித்தியாசமும் மங்கிவிடும். கிட்டே இருந்தால் முகம் ஒளிரும், சுவர் தானாக இருட்டில் அமுங்கும். நீங்கள் ஜன்னலுக்கு எதிரே நிற்க வேண்டாம், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்று, முகத்தின் நிழல் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பாருங்கள்.

50 எம்எம் லென்ஸ் இருந்தால் எஃப் (லென்ஸ் திறப்பு) 2, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400லிருந்து 800க்குள், ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/125 நொடி என்று தொடங்கலாம். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷரை) வெளிச்சமான கன்னத்துக்கு வையுங்கள். செல்போனில் அந்தக் கன்னத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இருட்டு இருட்டாகவே போகட்டும். முதல் நாள் கை நடுங்கும், பாதி முகம் தெரியவில்லையே என்று. விடுங்கள்.

இப்போது ஒரு தெர்மாகோல் அட்டை. கொலு சமயத்தில் வாங்கியது பரண்மேல் கிடக்கும். ஷூட்டிங்கில் லைட்மேன்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதே சாமான்தான். நிழல் பக்கத்தில் 2 அடி தள்ளிப் பிடியுங்கள். பாட்டியின் மறுகன்னத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்துவரும். அட்டையை அரை அடி பின்னால் எடுங்கள், கொஞ்சம் அமுங்கும். அங்கேயே ஒரு கருப்புத் துணியைப் பிடியுங்கள், சட்டென்று ஆழமாகும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

இந்த வெள்ளைப் பரப்பின் கதை பெரியது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்குக் காசி வீடு ஒன்றை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றம் வைத்த வீடு. வெளிச்சம் மேலே வானத்திலிருந்து மட்டும் இறங்க வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்துத் திருப்பிவிட்டார். நிழல் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாத அந்த மெத்தென்ற வெளிச்சம் அப்படி வந்தது. அதற்கு முந்தைய வருடம் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கும்போது அவருக்கு 21 வயது. சினிமா கேமராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ முற்றம் வைத்த பழைய வீடு தெரிந்தவர்களுக்கு இருந்தால், பகல் பத்து மணிக்குப் போய்த் தாழ்வாரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். மித்ரா துணி கட்டிக் கொண்டுவந்த வெளிச்சம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும்.

'நாயகன்' பாடத்தையும் இந்த அறையிலேயே முடித்துவிடலாம். எல்லா முகமும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பி.சி. ஸ்ரீராம் முகங்களை நிழலுக்குள் வைத்தார். தேசிய விருது அவரைத் தேடி வந்தது. இரவில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரே ஒரு மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டு, அடியில் ஒருவரை உட்காரவையுங்கள். அவர் நிமிரும்போது நெற்றியும் மூக்கும் ஒளிரும்; குனிந்தால் கண் மறையும். நிமிர்வதற்கும் குனிவதற்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது. அதற்குக் காத்திருங்கள்.

சூரியனைப் பார்த்து நிற்பது

'தளபதி' கர்ணன் கதை. நாயகன் பெயரே சூர்யா. அதனால் சந்தோஷ் சிவனின் கேமரா சூரியனை ஒரு பாத்திரமாகவே நடத்துகிறது. ஆட்களுக்குப் பின்னால் சூரியன், முடியைச் சுற்றி ஒரு தங்கக் கோடு. இதை எடுக்க 'சூரியனுக்கு முதுகு காட்டி நில்' என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததை மறக்க வேண்டும்.

சென்னை கிழக்குக் கடற்கரை ஊர். கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மெரினாவில் மாலை ஆறு மணிக்குப் போய்க் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகில்தான் இருக்கும். எனவே கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் விடியற்காலைதான். ஜனவரியில் சுமார் ஆறரை மணிக்கும், ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பும் உதிக்கும். அரை மணி நேரம் முன்னால் இடத்தில் இருங்கள். நம் ஊரில் விடியல் வெளிச்சம் சீக்கிரம் ஓடிவிடும். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றால் போச்சு. காசிமேட்டில் படகுகள் வரும் நேரமும் அதுதான். மறைகிற சூரியனும் தண்ணீரும் வேண்டுமானால் அடையாறு திரு.வி.க. பாலத்தில் மேற்கே பார்த்து நில்லுங்கள்.

அளவை வானத்துக்கு வைத்தால் ஆள் முழுக் கருப்பாக, உருவம் மட்டும் நிற்கும். தங்கக் கோடும் முகமும் வேண்டுமென்றால் சூரியனை ஆளின் தலைக்குப் பின்னால் மறைத்து, முகத்துக்கு அளவு வைத்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறையுங்கள்.

என்னைக் கேட்டால் எதிர்வெளிச்சத்துக்கு ஊரிலேயே சிறந்த இடம் கடற்கரை இல்லை, டீக்கடை. கிழக்கு மேற்காக ஓடும் தெரு ஒன்றைப் பாருங்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி அப்படிப்பட்டது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் காலை வெயில் தெருவின் நீளத்துக்கு நேராகப் பாய்ந்து வரும். அப்படி ஒரு தெருவில், சூரியன் கடைக்குப் பின்னால் இருக்கும்படி மேற்கே தள்ளி நின்று பாருங்கள். மாஸ்டர் பாய்லர் மூடியைத் திறக்கிறார். அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஆவி வெயில் பட்டதும் வெள்ளையாக எழுந்து அவர் தோளைச் சுற்றுகிறது. ஒரு கை தலைக்கு மேல் உயர்கிறது, மறுகை இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. நடுவில் டீ ஒரு கண்ணாடிக் கயிறு மாதிரி. அந்தக் கயிறு உறைந்து நிற்க ஷட்டர் 1/500. பட்டுப்போல வழிய 1/60. ஷூட்டிங்கில் இதற்காகவே புகை போடுவார்கள். நமக்கு டீ ஆவி, சாம்பிராணி, போகி காலைப் புகை எல்லாம் இருக்கின்றன. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணே, ரெண்டு ஃபோட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உச்சி வெயிலும் கண்ணாடியும்

பதினொன்றிலிருந்து மூன்று வரை கேமராவை எடுக்காதே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் எடுத்த 'கூழாங்கல்' படத்தைப் பாருங்கள். வெயிலை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. தரை வெளுத்துப் போய்க் கண் கூசுகிறது. அந்தக் கூச்சம்தான் படமே. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். முகத்தை விட்டுவிட்டுப் பாதங்களை, குடையை, பஸ் ஸ்டாப் கூரை வெட்டும் நிழலை எடுங்கள். முகம் வேண்டுமென்றால் திண்ணை விளிம்பில், நிழலுக்குள் ஓரடி உள்ளே நிற்கவையுங்கள். எதிர்த் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் போதும்.

குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்' (1959) படத்தில் இருண்ட ஸ்டுடியோவுக்குள் ஒரு ஒளித்தூண் இறங்கும். ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி அதை விளக்கால் செய்யவில்லை. பெரிய கண்ணாடிகளை வைத்து வெளி வெயிலை உள்ளே திருப்பினார். நீங்களும் செய்யலாம். வாசலில் ஒருவர் நிலைக்கண்ணாடியைப் பிடித்து வெயிலை இருட்டு அறைக்குள் அனுப்பட்டும். உள்ளே ஊதுவத்தி இரண்டு ஏற்றிவையுங்கள். தூண் தெரியும். கண்ணில் மட்டும் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் ஒரு அகல்

ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975) படத்தில் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுத்தார். அதற்கு நாசாவுக்காகச் செய்த ஜைஸ் 50 எம்எம் எஃப் 0.7 லென்ஸ் தேவைப்பட்டது. இன்றைய சென்சார்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை. கார்த்திகை தீபத்தன்று வாசலில் விளக்கேற்றும்போது எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600, 1/60 வைத்துப் பாருங்கள். தெருவாசல் எல்.ஈ.டி.யை மட்டும் பத்து நிமிடம் அணைத்துவிடுங்கள். ஒரு அகலைவிட ஐந்து அகல் சேர்ந்த வரிசை நல்லது. வெளிச்சம் அகலமாவதால் முகத்தில் நிழல் மென்மையாகும்.

குறுகலான இடங்கள்

சென்னையில் இடமில்லை என்பது குறையில்லை. 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000) என்ற ஹாங்காங் படம் பெரும்பாலும் நடைபாதையிலும் மாடிப்படியிலும் கதவு இடுக்கிலும் நடக்கிறது. முன்னால் ஒரு சுவர் ஓரம் மங்கலாக மறைக்க, அதைத் தாண்டி ஒரு தோள், ஒரு கழுத்து. திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் நடையில் நின்றால் இந்தப் படம்தான் நினைவுக்கு வரும்: கொடியில் காயும் லுங்கி, கதவுகள் வரிசை, கடைசியில் ஒரு வெளிச்சச் சதுரம். கிட்டே போகாமல் பின்வாங்கி நின்று, ஏதாவது ஒன்றின் வழியாக எடுங்கள். 'இருவர்' படத்தின் வெட்டில்லாத நீண்ட ஷாட்களை எங்கே நிறுத்தினாலும் முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், பின்னால் கதவில் ஒருவர் என்று அடுக்கு கலையாமல் நிற்கும். சந்தோஷ் சிவனுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டு வாசலில் நின்றால் இந்த அடுக்கைப் பழகலாம்.

பறக்கும் ரயில் நிலையங்களின் காலியான கான்கிரீட் கூடங்களில் மாலை நாலரை மணி வெயில் அற்புதமாக விழும். ரயில்வே இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

நிறம் கடைசியில்

'ஆய்த எழுத்து' (2004) படத்தில் ரவி கே. சந்திரன் மூன்று இளைஞர்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி நிறம் கொடுத்தார். அப்படிச் சட்டையும் சுவரும் சேர்ந்துதான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கும் சுவரைத் தேடிப் போங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானாக மாற விடாமல் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்துங்கள். காலையின் மஞ்சளும் மழை நாளின் நீலமும் அப்போதுதான் படத்தில் தங்கும். எடிட் செய்யும்போது தோல் நிறத்தையும் புடவை நிறத்தையும் தொடாதீர்கள்.

சினிமா மாதிரி அகலமாக வேண்டுமென்றால் அகலமும் உயரமும் 2.39க்கு 1 என்ற விகிதம். சாதாரண கேமரா படத்தை அப்படி வெட்டினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால் எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விட்டு எடுங்கள்.

ஒரு படத்துக்கு 12 ஃபிரேம் வரைந்தீர்கள் அல்லவா, மாதக் கடைசியில் அதற்கு ஈடாக நீங்கள் எடுத்த 12 படங்களை அச்சுப் போட்டு நோட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். அதே நான்கு விஷயங்களை உங்கள் படத்திலும் தேடுங்கள்: மூக்கு நிழல், கண் பொட்டு, நிழலின் ஓரம், கேமரா உயரம். எனக்கு முதல் மாதம் 12இல் இரண்டுதான் தேறின.

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். கேள்விப்படாத நாடுகளின் படங்கள் வரும். அங்கே நிறுத்திப் பார்க்க முடியாது. படம் முடிந்து வெளியே வந்ததும் யாரோடும் பேசுவதற்கு முன், நினைவில் நிற்கிற ஒரே ஒரு ஃபிரேமை பஸ்ஸிலேயே வரைந்துவிடுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த அம்பு காட்டுகிற வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பலாம்.